ஜப்பான் எஞ்சின்

எங்கள் பட்டறையின் வடக்கு மூலையில், சாக்குப் போட்டு மூடி, ஒரு எஞ்சின் கிடக்கிறது. ஒற்றைச் சிலிண்டர். கயிறு சுற்றி இழுத்துக் கிளப்புகிற வகை. பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில், நான் பிறப்பதற்கு முன்பே அப்பா போட்ட பட்டறை இது. அந்த எஞ்சினும் ஏறத்தாழ அப்போதிருந்தே இங்கே வந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வந்தபோது திரும்பிப் போகவில்லை. எடுத்துக்கொண்டு போக ஆள் வரவில்லை.

அதன் பக்கவாட்டு வார்ப்பில் மூன்று ஆங்கில எழுத்துகள்: ஜே, ஏ, பி. எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரோ அதை 'ஜாப்' என்று வாசித்து, ஜாப் என்றால் ஜப்பான்தானே என்று முடிவுகட்டிவிட்டார். அன்றுமுதல் அது ஜப்பான் எஞ்சின். அப்பாவின் கணக்கு நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது: 'ஜப்பான், ரிங் மாற்றியது.' 'ஜப்பான், மேக்னெட்டோ.' 1980களில் பூவார், பொழியூர்க் கடற்கரைகளில் வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற யமஹா எஞ்சின் வந்தபோது, "இதுவும் நம்ம ஜப்பான் வகைதான்" என்று பெருமை பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது லண்டன் சரக்கு. ஜான் ஆல்ஃப்ரெட் பிரெஸ்ட்விச் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை.

எஞ்சினின் சொந்தக்காரருக்கு ஏத்தன் வாழையும் மரச்சீனியும் போட்ட விளை ஒன்று இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அவருடைய விளையின் குறுக்கே ஓடியது. கிணறு இந்தப் பக்கம், வாழை அந்தப் பக்கம். ஒரு மாநிலத்துத் தண்ணீரை இன்னொரு மாநிலத்துக்கு இரண்டு அங்குலக் குழாயில் அனுப்பிக்கொண்டிருந்தது இந்த எஞ்சின். இரண்டு சர்க்காருக்கும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அப்பா தொழில் கற்றது திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் ஸ்டேட் டிரான்ஸ்போர்ட் பட்டறையில் எடுபிடியாக நின்று. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் அந்த பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். முதல் தடமே திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி, அதாவது நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக எங்கள் வாசலில். லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரிதான் அதற்குத் தலைவர். சேசிஸ் காமர் கம்பெனியுடையது, அதற்குள் இருந்த டீசல் எஞ்சின் பெர்கின்ஸ், மேலே இருந்த கூடு உள்ளூர் ஆட்கள் செய்தது. அப்பா இதை எனக்குச் சொல்லும்போது ஒரு வாக்கியம் சேர்ப்பார்: "வண்டிக்குப் பேரு ஒருத்தன் வைப்பான், உயிரு வேற ஒருத்தன் குடுப்பான்." ஜே.ஏ.பி. கம்பெனியின் கதை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்பது அவருக்கே தெரியாது.

பிரெஸ்ட்விச் 1874இல் பிறந்தவர். அவருடைய அப்பா லண்டனின் வடக்கே டாட்டன்ஹாமில் போட்டோ பிடிப்பவர். மகன் இருபது வயது கடந்த கையோடு, அப்பாவின் வீட்டுக் கண்ணாடிச் செடிக்கொட்டகையில் சின்னப் பட்டறை போட்டார். முதலில் அவர் செய்தது எஞ்சினே இல்லை, சினிமாக் கேமராவும் புரொஜெக்டரும். சலனப்படத்தை முதலில் உண்டாக்கியவர்களில் ஒருவர் என்று இங்கிலாந்துக்காரர்கள் கொண்டாடுகிற ஃப்ரீஸ்-கிரீனுடன் சேர்ந்து 1896 வாக்கில் வேலை செய்தார். இதைப் படித்த இடத்தில் நான் சற்று நிறுத்திவிட்டேன். காரணம், எங்கள் மூலையில் கிடக்கிற எஞ்சின் வாழைக்கு வருவதற்கு முன்பு உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். கொட்டகைக்காரர் நொடித்துப்போய் விற்றதைத்தான் விளைக்காரர் வாங்கினார். படம் காட்டுகிற கருவியில் தொடங்கிய மனிதரின் எஞ்சின், எங்கள் வயல்வெளியில் படம் காட்டி ஓய்ந்திருக்கிறது.

1900களின் தொடக்கத்தில் பிரெஸ்ட்விச் பெட்ரோல் எஞ்சினுக்குத் திரும்பினார். 1903இல் அவருடைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் விற்பனைக்கு வந்தது. டிரையம்ஃப் போன்ற பெயர்பெற்ற கம்பெனியே அதை வாங்கித் தன் சட்டகத்தில் பொருத்தியது. 1904 முதல் சில ஆண்டுகள் முழு வண்டியையும் தானே செய்துபார்த்தார். 1908 வாக்கில் அதை விட்டுவிட்டார். எஞ்சின் மட்டும் போதும், வண்டியை அவனவன் செய்துகொள்ளட்டும்.

இது புத்திசாலித்தனமான முடிவு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் எல்லாம் மோட்டார் சைக்கிள் கம்பெனி தொடங்கினான். சட்டகத்துக்குக் குழாயை வாங்கிப் பற்றவைப்பான், கியர்பெட்டி ஒரு கடை, கார்புரேட்டர் ஒரு கடை, எஞ்சின் ஜே.ஏ.பி. பெட்ரோல் தொட்டியில் மட்டும் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்வான். பத்துக் கம்பெனி எழுந்து எட்டு விழுந்தாலும் எஞ்சின் விற்றவனுக்கு நட்டமில்லை. ஆனால் ஓட்டுகிறவன் கண்ணில் படுவது தொட்டியில் எழுதிய பெயர்தான். எஞ்சினில் வார்த்த பெயரை எங்களைப் போலக் குனிந்து எண்ணெய் துடைக்கிறவன்தான் வாசிப்பான். எங்களிலும் பலர் ஜப்பான் என்று வாசிப்போம்.

இனி விமானம். நான் இதைத் தேடிப் போகக் காரணமே அதுதான்.

என் மகள் வடக்கு லண்டனில் நர்ஸ். 2012இல் என்னை அங்கே அழைத்துப் போனாள். மற்றவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், எனக்கு மியூசியம் வேண்டும் என்றேன். லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் விமானக் கூடம் மூன்றாவது மாடி. அங்கே ஒரு பொருளைக் கண்டு நின்றேன். மூன்று அடுக்கு இறக்கை, வாலிலும் மூன்று அடுக்கு, எல்லாம் மலிவு மரச்சட்டமும் கம்பியும். எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பெரிதாக்கினால் இப்படித்தான் இருக்கும். முன்னால் இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின், குளிர்விக்கக் காற்று மட்டும். பெயர்ப்பலகையைப் படித்தால் ஜே.ஏ.பி., 9 குதிரைத்திறன். மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறவனின் பெரியப்பா!

இந்த விமானத்தைச் செய்தவர் ஆலியட் வெர்டன் ரோ. ரயில் பட்டறையில் பயின்று, கப்பல் எஞ்சினியராகக் கடலில் திரிந்து, ஆல்பட்ராஸ் பறவைகள் இறக்கை அசைக்காமல் மிதப்பதைப் பார்த்துப் பறக்கும் ஆசை பிடித்தவர். கையில் காசு கிடையாது. 1907இல் மாதிரி விமானப் போட்டியில் 75 பவுண்டு பரிசு வாங்கி, அதைக் கொண்டு முதல் விமானம் செய்தார். அதற்கு முதலில் வைத்துப்பார்த்ததும் ஜே.ஏ.பி.தான், 6 குதிரை. எழும்பவில்லை. அடுத்த மூவடுக்கு விமானத்தை லீ சதுப்புநிலத்தின் ஓரத்தில், ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். இறக்கைக்குத் துணி போட வழியில்லாமல், பருத்தித் துணி ஒட்டிய பழுப்புக் காகிதத்துக்கு எண்ணெய் தடவி ஒட்டினார். அந்த வளைவுக்கும் மகள் என்னைக் கூட்டிப்போனாள். நீலப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. மேலே ரயில் தடதடத்துப் போனபோது, பாறசாலை மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது.

1909 ஜூலை 13ஆம் தேதி அந்த 9 குதிரை எஞ்சின் ரோவை 100 அடி தூரம் பறக்கவைத்தது. பத்து நாள் கழித்து 900 அடி. இன்றைக்கு என் மருமகள் கடைக்குப் போகிற ஸ்கூட்டரின் சக்தி ஏறத்தாழ எட்டுக் குதிரை. அதைவிட ஒரு குதிரை கூட, ஆனால் தூக்க வேண்டியது ஒரு மனிதனையும் மூன்று அடுக்கு இறக்கையையும். இங்கிலாந்துக்காரன் ஒருவன், முழுக்க இங்கிலாந்திலேயே செய்த விமானத்தில், இங்கிலாந்து எஞ்சினோடு பறந்தது அதுதான் முதல் தடவை. பொதுநிலத்தில் ஆபத்து விளைவிக்கிறான் என்று அவர்மேல் வழக்குப் போடப் பார்த்தார்கள். அதற்குள் ஜூலை 25ஆம் தேதி பிளேரியோ என்பவர் பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்துவந்துவிட, பறப்பவனைக் கோர்ட்டுக்கு இழுப்பது அசிங்கமாகிவிட்டது. பிளேரியோவின் எஞ்சினும் மோட்டார் சைக்கிள் வழியில் வந்ததுதான். அன்சானி என்ற இத்தாலியருடையது. சின்ன வண்டிக்காரர்கள்தான் அன்றைக்கு ஆகாயத்துக்கு வழி வெட்டினார்கள். அவர்களிடம்தான் கனம் குறைந்த எஞ்சின் இருந்தது.

ரோவின் விமானத்தில் பெரிதாக எழுதியிருந்த பெயர் 'புல்ஸ்-ஐ'. விமானத்தின் பெயரோ எஞ்சினின் பெயரோ என்று நினைக்காதீர்கள். ரோவுக்குப் பணம் கொடுத்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் மான்செஸ்டரில் கால்சட்டை நழுவாமல் தோளில் மாட்டுகிற பட்டை செய்கிற கம்பெனி நடத்தினார். அந்தப் பட்டையின் பிராண்டு. முழுக்க இங்கிலாந்திலேயே செய்து பறந்த முதல் விமானத்தில் கால்சட்டைப் பட்டைக்கு விளம்பரம் கிடைத்தது, ஜே.ஏ.பி.க்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 1910 மார்ச்சில் மௌண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை மதராசில் பறக்கவிட்டுக் காட்டினார். குதிரைவண்டிக் கூடு செய்துகொண்டிருந்த கம்பெனி அது. திருவனந்தபுரத்தில் 1935 அக்டோபரில்தான் டாட்டா விமானம் வந்திறங்கியது. அதைப் பார்க்க அப்பா நெய்யாற்றின்கரையிலிருந்து நடந்தே போனார், பதின்மூன்று வயதுப் பையன். திரும்பி வந்து அம்மச்சியிடம் அடி வாங்கியதைத்தான் அவர் அதிகம் சொல்வார், விமானத்தைப் பற்றி, "சத்தம் நல்லா இருந்தது" என்பதோடு சரி.

ரோவின் கம்பெனிதான் ஆவ்ரோ. 1961 முதல் கான்பூரில் செய்து, இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய ஆவ்ரோ விமானத்தை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அதிலும் எஞ்சின் வேறொருவருடையது, ரோல்ஸ்ராய்ஸ்.

விமான எஞ்சின் சீக்கிரமே பெரிதாகி, பிரெஸ்ட்விச்சின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. 1936 வாக்கில் அமெரிக்காவின் ஏரான்கா எஞ்சினை உரிமம் வாங்கிச் செய்து, 36 குதிரையில் சின்ன விமானங்களுக்குக் கொடுத்தார்கள். அத்துடன் அந்த அத்தியாயம் ஏறத்தாழ முடிந்தது. தரையில்தான் ஜே.ஏ.பி. கொடிகட்டிப் பறந்தது. மோர்கன் மூன்று சக்கரக் காரில் அது. 1912இல் ராயல் என்ஃபீல்டு பக்கவண்டி சேர்த்து விற்ற 770 சிசி வண்டியிலும் அதுதான். புல்லட் புல்லட் என்று மார்தட்டுகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். மணிக்கு 100 மைல் போகும் என்று எழுதிக் கொடுத்து விற்ற பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் அது. அரேபியப் பாலைவனத்து லாரன்ஸ் அந்த பிரஃப் வண்டிகளில் ஏழு வைத்திருந்து, 1935இல் ஏழாவதில் விழுந்து செத்தார். சிறிது காலம் கராச்சியில் விமானப்படைக் குமாஸ்தாவாக இருந்தவர் அவர்.

பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். பெட்ரோலில் கரையாது, சூட்டில் நீர்த்துப்போகாது. முதல் உலகப்போரின் விமானங்களும் அதைக் குடித்தவைதான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. மூஞ்சியில் அதன் புகை அடித்து விமானிகளுக்கு வயிறு போகும் என்று சொல்வார்கள். மாதத்துக்கு ஒருதடவை மூக்கைப் பிடித்து அதை எங்கள் வாயில் ஊற்றிய அம்மச்சிக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

ஒரு பந்தயக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1930 நவம்பர் 6ஆம் தேதி அயர்லாந்தின் கார்க் நகருக்கருகே ஜோ ரைட் மோட்டார் சைக்கிளில் உலக வேகச் சாதனை செய்தார், மணிக்கு 242 கிலோமீட்டருக்கு மேல். ஓ.ஈ.சி. என்ற வண்டியில் செய்ததாக உலகம் முழுக்கச் செய்தி, படம், விளம்பரம். உண்மையில் அந்த வண்டி நடுவில் கோளாறாகிவிட, துணைக்குக் கொண்டுபோயிருந்த ஜெனித் வண்டியில்தான் ஓட்டினார். பிறகு குட்டு உடைந்து பெரிய சண்டை. ஓ.ஈ.சி.யா ஜெனித்தா என்று அடித்துக்கொண்டார்கள். இரண்டிலும் இருந்தது ஜே.ஏ.பி. எஞ்சின்! அதைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை.

இப்படிப்பட்ட கம்பெனி எதனால் போயிற்று? ஒரு வரியில் சொல்ல முடியாது, ஆனால் அடி எங்கே விழுந்தது என்று காட்டலாம். 1934 ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் வின்சென்ட் கம்பெனி மூன்று வண்டி இறக்கியது. மூன்றிலும் ஜே.ஏ.பி. எஞ்சின், மூன்றும் பாதியில் நின்றன. அந்தக் கோபத்தில் அவர்கள் சொந்தமாக எஞ்சின் வரைந்தார்கள். அடுத்த இரண்டொரு வருஷத்தில் பிரஃப் கம்பெனிகூட மாட்ச்லெஸ் எஞ்சினுக்கு மாறியது. சின்னக் கம்பெனிகள் பொருளாதார மந்தகாலத்தில் மடிந்துபோயின. பிழைத்த பெரியவர்களுக்கு எஞ்சின் கடன் வாங்கத் தேவையில்லை. பிறர் கையை நம்பி நிற்கிற தொழிலில், பிறர் கை பலமானாலும் ஆபத்து, பலவீனமானாலும் ஆபத்து. மண்பாதையில் சுற்றுகிற ஸ்பீட்வே பந்தயத்தில் மட்டும் 500 சிசி ஜே.ஏ.பி. முப்பது வருஷம்போல ராஜாவாக இருந்தது. மற்றபடி கம்பெனி தண்ணீர் இறைப்பதற்கும் மின்சாரம் எடுப்பதற்கும் எஞ்சின் செய்து பிழைத்தது. எங்கள் ஜப்பான் அந்தக் காலத்துப் பிறப்பு.

பிரெஸ்ட்விச் 1952இல் இறந்தார். 1957இல் உல்வர்ஹாம்ப்டன் ஊரின் வில்லியர்ஸ் கம்பெனி ஜே.ஏ.பி.யை விழுங்கியது. வில்லியர்ஸும் அதே தொழில்தான்: அடுத்தவன் வண்டிக்கு எஞ்சின். 1956க்குள் இருபது லட்சம் எஞ்சின் செய்திருந்தார்கள். டாட்டன்ஹாம் ஆலையை 1960களில் மூடிவிட்டார்கள்.

அந்த வில்லியர்ஸ் எஞ்சின் நம்மிடம் வந்து சேர்ந்தது. சென்னை திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, 1960களில் செய்த ஃபேண்டாபுலஸ் ஸ்கூட்டரிலும் ஷெர்ப்பா மோட்டார் சைக்கிளிலும் இருந்தது வில்லியர்ஸ்தான். வில்லியர்ஸ் என்று வார்த்த மண்ணெண்ணெய் பம்புசெட்டுகள் எங்கள் பட்டறைக்கு எத்தனை வந்தன என்று கணக்கில்லை. அவற்றைப் பழுது பார்த்துத்தான் அப்பா எங்களைப் படிக்கவைத்தார். ஜப்பான் நடுவில் கிடக்க, சுற்றிலும் வில்லியர்ஸ்கள் கிடக்கும். விழுங்கியவனும் விழுங்கப்பட்டவனும் ஒரே தரையில்.

மண்ணெண்ணெய் எஞ்சினை ஓட்ட ஒரு முறை உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபிறகு குழாயைத் திருப்ப வேண்டும். "கறக்கதுக்கு முன்னால கன்னை விடுகது மாதிரிடே" என்பார் அப்பா. நிறுத்துவதற்கு முன்பும் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கி, மறுநாள் காலையில் கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். அவசரக்காரர்கள் அப்படியே நிறுத்திவிட்டு, காலையில் பட்டறைக்கு ஆளனுப்புவார்கள். எங்கள் வருமானத்தில் பாதி அந்த அவசரத்திலிருந்து வந்தது.

நெய்யாற்றில் அணை கட்டி, இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுப் பக்கம் வந்தபோது எஞ்சின் வேலை குறைந்தது. 2004இல் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் நின்றபோது மறுபடியும் எல்லாரும் பம்பைத் தேடினார்கள். அதற்குள் கரண்டு மோட்டார் வந்துவிட்டது. எஞ்சின்கள் காயலான் கடைக்குப் போயின. விளைக்காரரின் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், வாழை இருந்த இடத்தில் ரப்பர் நிற்கிறது.

போன மகர மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்த நேரம், ஜப்பானைப் பிரித்தேன். மேக்னெட்டோவுக்குக் காந்தம் ஏற்றி வாங்கி வைத்திருந்தேன். வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, பாயிண்டைத் துடைத்து, பிளக்கை வெயிலில் காயவைத்துப் போட்டேன். கயிற்றை ஒன்பது தடவை இழுத்தேன். பத்தாவதில் இருமியது, பதினொன்றில் பிடித்துக்கொண்டது. குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினேன். வெள்ளைப் புகை விட்டு, சத்தம் தாழ்ந்து, பிறகு நிதானமாக ஓடியது.

கால் மணிநேரம் ஆகியிருக்கும். விளைக்காரரின் மூத்த மருமகள், எண்பது தாண்டியவர், முண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லைக்கல் தாண்டி நடந்துவந்து பட்டறை வாசலில் நின்றார்.

"மக்கா, ஜப்பானுக்க சத்தமில்லா கேக்குது. ஆருக்க விளைக்கு எறைக்குத?"

"ஆருக்கும் இல்ல அம்மச்சி. சும்மா போட்டுப் பாத்தேன்."

எஞ்சினையே பார்த்துக்கொண்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்க் கட்டன்சாயா போட்டு வந்தேன். குடித்து முடிக்கும்வரை ஓடட்டும் என்று விட்டேன். பிறகு குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தினேன்.